ஜெசிந்தா மேடத்துக்கு நான் போட்ட ஜாமீன்

அந்த போர்டுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க தம்பி, என் கண்ணாடி பைக்குள்ள கெடக்கு. அஞ்சே நிமிஷத்துல வீட்டுக் கடனா? ஆங், எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. எழுதறவனுக்கு என்ன, எழுதிட்டுப் போயிடறான். ஒரு அம்மாவுக்கு இதே வீட்டுக் கடன் வாங்கிக் குடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாங்கிக் குடுத்தப்பறம் அந்தம்மா எனக்குப் பண்ணின மரியாதை இருக்கே, அத நெனச்சா இன்னிக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. இந்த பஸ்ல நீங்க கும்பகோணம் வரைக்கும்தானே? அப்ப நேரம் இருக்கு. முழுசாச் சொல்றேன். கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எம் பேரு வைரக்கண்ணு. ஒரு பல்கலைக்கழகத்துல சூப்பிரண்டா இருக்கேன். எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீங்க, பேரச் சொல்லி யாரையும் கொறச்சுப் பேசற பழக்கம் எனக்குக் கெடையாது. எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷன். வேலைக்கு எடுக்கறது, விடுவிக்கறது, சம்பளச் சான்று, பணிச் சான்று எல்லாமே என் மேசையத் தாண்டித்தான் போகணும். இருபத்தொம்பது வருஷ சர்வீஸ். நான் வெறும் பி.காம்.தான். ஆனா டாக்டர் பட்டம் வாங்கினவங்கல்லாம் என் மேசை முன்னால நின்னுக்கிட்டுத்தான் பேசுவாங்க. நாற்காலி போடறதில்ல. போட்டா கூட்டம் சேந்துரும்.

அந்தம்மா பேரு ஜெசிந்தா. தாவரவியல் டிபார்ட்மென்ட்ல ஒப்பந்த ஆசிரியர். குளத்துப் பாசியப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் ஆனவங்க. குளத்துப் பாசி தம்பி, நாம வழுக்கி விழுவோமே, அதேதான். அதுல என்ன ஆராய்ச்சி பண்ணுவாங்கன்னு நான் கேட்டதில்ல. ஆனா பாடம் நல்லா நடத்துவாங்கன்னு பிள்ளைங்க சொல்லும்.

ஒப்பந்தம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஜூன் மாசம் ஒரு ஆர்டர் குடுப்போம், ஏப்ரல் கடைசியோட முடிஞ்சிரும். மே மாசம் வேலையும் கெடையாது, சம்பளமும் கெடையாது. மறுபடி ஜூன்ல புது ஆர்டர். அந்தம்மா லோன் கேட்டு வந்தப்பவே எட்டு ஆர்டர் வாங்கியிருந்தாங்க. எட்டையும் டைப் பண்ணினது நான்தான். தேதிய மட்டும் மாத்தினா போதும், மத்தபடி ஒரு எழுத்து மாறாது. அதுல கடைசிப் பாரா என் கைவண்ணம். முன்னாடி வேற ஒரு பாரா இருந்துச்சு, வளவளன்னு. நான்தான் அதத் திருத்தினேன். ‘இப்பணி முற்றிலும் தற்காலிகமானது. எவ்வித முன்னறிவிப்புமின்றி முடிவுக்குக் கொண்டுவரப்படலாம். இதன் அடிப்படையில் எவ்வித உரிமையும் கோர இயலாது.’ எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். பழைய ரிஜிஸ்ட்ரார் அதப் படிச்சுட்டு, வைரக்கண்ணு, நீ வக்கீலாப் போயிருக்கணும்யான்னாரு.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அந்தம்மா பணிச் சான்று வேணும்னு வந்து நின்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். வீடு கட்ட லோன் கேக்கறோம் சார்னாங்க. செந்தாமரை நகர்ல ஒரு மனை வாங்கிப் போட்டிருக்காங்களாம், இருந்த நகையெல்லாம் வித்து. ஊருக்கு வெளியில, ஆறு கிலோமீட்டர். வீட்டுக்காரர் அமலதாஸ், பல்கலைக்கழக வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. கடைன்னா ஒரு மிஷினு, ஒரு கம்ப்யூட்டரு, ஒரு ஸ்டூலு. வருமானத்துக்குக் காயிதம் எதுவும் கெடையாது. ஒரு பொண்ணு, அப்ப எட்டாவது படிச்சுது. அதுவரைக்கும் வாடகை வீடு நாலு மாறியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் சாமான் ஏத்தறப்ப அந்தப் பொண்ணு, இந்த வீட்டுல எத்தன வருஷம்மான்னு கேக்குமாம். இதெல்லாம் அமலதாஸ் பின்னாடி எங்கிட்ட சொன்னது. மேடம் எதையும் வாயத் தொறந்து சொல்ற ரகம் இல்ல. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

சான்று குடுத்தேன், அடியில அதே கடைசிப் பாராவோட. மத்தவங்களுக்குன்னா மூணு நாள் ஆகும், அவங்களுக்கு அன்னிக்கே குடுத்தேன். பத்து நாள் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. பாங்க்ல முடியாதுன்னுட்டாங்களாம். கடைசிப் பாராவுக்கு அடியில கோடு போட்டுத் திருப்பிக் குடுத்திருக்காங்க. இந்தப் பாரா இல்லாம ஒரு சான்று குடுக்க முடியுமா சார்னாங்க. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். மேடம், அந்தப் பாரா இல்லன்னா அது சான்றே இல்ல, நாளைக்கு ஆடிட்ல வந்து என் தலைய உருட்டுவாங்கன்னு. புரிஞ்சுக்கிட்டாங்க. படிச்சவங்க இல்லையா. அதே சான்ற வச்சுக்கிட்டு இன்னும் மூணு பாங்க் ஏறி எறங்கினாங்க. மூணுலயும் அதே கோடு.

எனக்கே பாவமாப் போச்சு. என் சம்பளக் கணக்கு இருக்கற பாங்குக்கு நானே கூட்டிட்டுப் போனேன். எனக்கு என்ன தலையெழுத்து, சொல்லுங்க. அரை நாள் லீவு போட்டுட்டுப் போனேன்.

மேனேஜர் நெல்லூர்ப் பக்கம், சின்ன வயசு, தமிழ் ஓரளவு பேசுவாரு. அந்தம்மா ஒரு ஃபைல் நிறையக் கொண்டாந்திருந்தாங்க. டாக்டர் பட்டம், வெளிநாட்டுப் பத்திரிகையில வந்த கட்டுரை, ஏதோ சங்கத்துல நல்லாசிரியர்னு குடுத்த கேடயத்தோட போட்டோ. அவரு எல்லாத்தையும் மரியாதையாப் பாத்து ஓரமா வச்சாரு. சம்பளச் சீட்ட மட்டும் எடுத்து ஒவ்வொண்ணா எண்ணினாரு. பதினொண்ணு இருந்துச்சு.

“மே மாசம் எங்க மேடம்?”

“மே மாசம் சம்பளம் கெடையாது சார்.”

“லோனுக்கு மே மாசமும் டியூ உண்டே மேடம்.”

கிண்டலாச் சொல்லல அவரு. நெசமாவே யோசிச்சுத்தான் சொன்னாரு. அந்தம்மா மேசை மேல கெடந்த காயிதத்த ஒண்ணொண்ணா எடுத்து, ஓரம் தட்டி, ஃபைலுக்குள்ள வச்சாங்க. அந்தக் கேடயப் போட்டோ மட்டும் உள்ள போவாம வழுக்கிட்டே இருந்துச்சு. அப்ப மேனேஜர் என் பக்கம் திரும்பி, சார் நீங்க பர்மனென்ட்டான்னாரு. பர்மனென்ட்டுதான், இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்குன்னேன். அந்த மனுஷன் பாதி எந்திரிச்சு எனக்குக் கை குடுத்தாரு தம்பி. டீ சொன்னாரு. அந்த பாங்குல இருபது வருஷத்துக்கு மேல கணக்கு வச்சிருக்கேன், ஒருத்தரும் எனக்கு டீ சொன்னதில்ல. டீ வந்துச்சு. ஒரு வாய் குடிச்சேன். நான் ஜாமீன் போடறேன் சார்னு சொல்லிட்டேன்.

இத நீங்க நல்லாக் கவனிக்கணும். அவங்க கேக்கல. நானாத்தான் சொன்னேன். வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னாங்க. வெளியில வந்தப்பறமும் அதேதான். ரெண்டு நாள் யோசிக்கணும்னாங்க. மாட்டிக்கப் போறது நானு, இதுல அவங்க யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு நாள் கழிச்சு புருஷனும் பொண்டாட்டியுமா எங்க வீட்டுக்கு வந்து சரி சார்னாங்க. பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க. என் சம்சாரம் செண்பகவல்லிக்கு இதுல இஷ்டமே இல்ல. உள்ள கூப்பிட்டு, அடுத்தவங்க கடனுக்கு நாம எதுக்குக் கையெழுத்துப் போடணும்னா. ஒரு டாக்டருக்கு நான் ஜாமீன் போடறேன், இதெல்லாம் எத்தன பேருக்கு வாய்க்கும்னேன். அவ காபி கலக்கப் போயிட்டா.

லோன் வந்துச்சு. வேலை ஆரம்பிச்சாங்க. பதினஞ்சு வருஷக் கடனுக்கு ஜாமீன் போட்டவன் வீட்டுல காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? ஞாயித்துக்கெழமை தவறாம செந்தாமரை நகருக்குப் போயிடுவேன். செங்கல் எண்ணுவேன், மணல்ல மண்ணு கலந்திருக்கான்னு பாப்பேன், கொத்தனார் ஒழுங்கா ரசமட்டம் வச்சுத்தான் கட்டறாரான்னு நிப்பேன். முதல்ல போனப்ப அந்தம்மா டீ போட்டு ஃபிளாஸ்க்குல கொண்டாந்தாங்க. பின்னாடி ஞாயித்துக்கெழமையானா அவங்களுக்கு கோயில், பூசைன்னு ஏதாவது வந்துரும். அமலதாஸ் மட்டும் நிப்பாரு. எனக்கு அது பெருசா தெரியல. நான் டீக்கா போனேன்?

சமையக்கட்டு விஷயத்துலதான் கொஞ்சம் பேச்சு வந்துச்சு. பிளான்ல அத வடகிழக்குல போட்டிருந்தாங்க. காலை வெயில் விழும், ஜன்னல்ல செடி வைக்கலாம்னு மேடத்துக்கு ஆசையாம். வடகிழக்குல அடுப்பு வைக்கலாமா தம்பி? அவங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. அவங்க நம்பிக்கையில நான் தலையிட மாட்டேன், என்னைக்கும் தலையிட்டதில்ல. ஆனா வாஸ்துங்கறது விஞ்ஞானம். ஈசானிய மூலையில நெருப்பு இருந்தா கடன் அடையாது. அடையலன்னா யார் தலையில விடியும்? என் தலையில. அதனால கொத்தனார்கிட்ட நானே சொல்லி, மூணடி எழுப்பியிருந்த செவத்த இடிச்சு, சமையக்கட்ட தென்கிழக்குக்கு மாத்தினேன். அன்னிக்கு சாயங்காலம் அந்தம்மா வந்து பாத்தாங்க. இடிச்ச செங்கல்ல ஒண்ண எடுத்துக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாங்க. என்ன மேடம், சரிதானேன்னேன். உங்க இஷ்டம் சார்னாங்க. என் மேல அவ்வளவு மரியாதை அப்ப.

வீடு முடிஞ்சுது. அவங்க வழக்கப்படி ஃபாதர் வந்து வீடு மந்திரிச்சாரு. நானும் செண்பகவல்லியும் முந்தின நாளே போயிட்டோம். வாசல்ல நின்னு வர்றவங்கள வாங்க வாங்கன்னு கூப்பிட்டு, உள்ள கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு ரூமா காட்டினேன். ஃபாதர் வந்ததும் நான்தான் வீட்டுக்காரர்னு நெனச்சு, ஜெபமெல்லாம் சொல்லி, மொதல்ல என் தலையிலதான் தீர்த்தம் தெளிச்சாரு. நான் ஒண்ணும் சொல்லல. நல்ல காரியம் நடக்கறப்ப திருத்திக்கிட்டு இருக்க முடியுமா? அந்தப் பொண்ணு மட்டும் அவங்க அம்மாவ ஒரு பார்வை பாத்துச்சு. விவரமான பொண்ணு.

இந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க தம்பி, தூசி வருது. ஆங், போதும்.

டியூ மாசம் அஞ்சாம் தேதி. நான் மூணாம் தேதி ஒரு போன் போட்டுருவேன். மேடம், அஞ்சாம் தேதி ஞாபகம் இருக்கில்ல? இருக்கு சார். அவ்வளவுதான் பேச்சு. நாலு வருஷம், மாசம் தவறாம போன் போட்டேன். அந்தம்மாவும் மாசம் தவறாம கட்டினாங்க, அதச் சொல்லணும். மே மாசம் உட்பட. மே மாசத்துல எப்படிக் கட்டினாங்கன்னு கேட்டா, அந்த மாசம் பூரா அமலதாஸ் கடையில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ஆராய்ச்சிப் பிள்ளைங்களுக்கு ஆய்வேடு டைப் அடிச்சுக் குடுப்பாங்களாம். அவங்ககிட்ட படிச்ச பிள்ளைங்களுக்கே, பக்கத்துக்கு இவ்வளவுன்னு. உழைப்பாளி. நான் இல்லங்கல.

ஆபீசுலயும் அவங்கள நான் தனியாத்தான் கவனிப்பேன். புதுசா யாராவது வந்தா கூப்பிட்டு, இவங்கதான் ஜெசிந்தா மேடம், இவங்க வீட்டுக்கு நான்தான் ஜாமீன்னு அறிமுகம் பண்ணுவேன். அவங்க டிபார்ட்மென்ட்டுத் தலைவர்கிட்டயும் சொல்லி வச்சேன். ஒருக்கா பொண்ணுக்கு லேப்டாப் வாங்கியிருந்தாங்க. கேள்விப்பட்டுப் போன் பண்ணினேன். கடன் முடியற வரைக்கும் இந்த மாதிரி செலவெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போடலாமே மேடம்னேன். அவ ஸ்காலர்ஷிப்புல வாங்கினது சார்னாங்க. சரி, நல்லதுன்னேன். கேக்க வேண்டியது என் கடமை இல்லையா?

நடுவுல ரெண்டு தடவை ஒப்பந்த ஆசிரியர்கள்லாம் சேந்து நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னாடி உக்காந்தாங்க. வேலைய நிரந்தரம் பண்ணு, மே மாசச் சம்பளம் குடுன்னு. ரெண்டு தடவையும் நான் மேடத்தக் கூப்பிட்டு எடுத்துச் சொன்னேன். “உங்களுக்குப் பின்னாடி என் கையெழுத்து இருக்கு மேடம், அத நெனச்சுக்கிட்டு எதையும் செய்யுங்க”ன்னேன். ரெண்டு தடவையும் அவங்க போய் உக்காரல. மத்தவங்க அவங்களோட பேசறத நிறுத்திட்டாங்கன்னு கேள்வி. போகட்டும், பேச்சா டியூ கட்டும்?

போன வருஷம் புதுசா வந்த துணைவேந்தர் ஒரு யோசன பண்ணினாரு. பத்து வருஷத்துக்கு மேல ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு மூணு வருஷ ஆர்டரா குடுக்கலாமா, மே மாசச் சம்பளமும் சேத்துன்னு. நாப்பத்தோரு பேரு. ஃபைல் எங்க செக்ஷனுக்குக் குறிப்பு எழுத வந்துச்சு. நான் ரெண்டு நாள் உக்காந்து ஒண்ணரைப் பக்கம் எழுதினேன். விதிகளில் இடமில்லை, தவறான முன்னுதாரணமாகிவிடும், நிதிச்சுமை கூடும், தற்போதைய நடைமுறையே தொடரலாம். பக்கத்துக்குப் பக்கம் பழைய ஆணை எண்ணெல்லாம் போட்டு. துணைவேந்தர் படிச்சுட்டு பச்சை மையில, ஏற்கப்பட்டதுன்னு எழுதிட்டாரு. ஒரு திருத்தம் இல்ல.

ஏன்யா, அந்தம்மாவும் அந்த நாப்பத்தோரு பேர்ல ஒருத்தங்கதானே, நெனச்சுப் பாக்கலியான்னு கேப்பீங்க. நெனச்சேன். நல்லாவே நெனச்சேன். அங்கதான் விஷயமே இருக்கு. நான் ஜாமீன் போட்டிருக்கேன். சாதகமா எழுதினா, வைரக்கண்ணு தன்னக் காப்பாத்திக்க எழுதிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். அப்படி ஒரு பேச்சு வந்துறக் கூடாதுன்னு வழக்கத்தவிடக் கொஞ்சம் கண்டிப்பாவே எழுதினேன். நேர்மைன்னா அதுதானே? இருபத்தொம்பது வருஷத்துல என் மேல ஒரு சொல்லு விழுந்ததில்ல தம்பி.

அவங்க சங்கத்துல யாரோ தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டு அந்தக் குறிப்ப வாங்கிட்டாங்க. வாங்கட்டும், அதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? நாப்பத்தோரு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக் குடுத்தாங்களாம். அமலதாஸ் கடையிலதான் எடுத்தாங்களாம். அவரே மிஷின்ல வச்சு எடுத்திருக்காரு. என் கையெழுத்து நல்லாத் தெளிவா விழுந்திருந்துச்சுன்னு ஆபீசுல சொன்னாங்க.

அடுத்த மாசம் மூணாம் தேதி வழக்கம் போல போன் பண்ணினேன். எடுத்தாங்க. கட்டிட்டேன் சார்னாங்க. மூணாம் தேதியேவான்னேன். ஆமா சார்னாங்க. குரல்ல ஒரு வித்தியாசமும் இல்ல. அதுக்கடுத்த மாசம் போன் எடுக்கல. அதுக்கும் அடுத்த மாசம் எடுக்கல. எனக்கு பயம் வந்துருச்சு. பாங்குக்கு ஓடினேன். நெல்லூர்க்காரர் மாறிப் போயிட்டாரு, இப்ப வேற ஒரு அம்மா இருக்காங்க. அவங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, அந்தக் கணக்கே இங்க இல்ல சார், முடிச்சிட்டுப் போயிட்டாங்களேன்னாங்க.

அந்த ஞாயித்துக்கெழமை அந்தம்மாவே வீட்டுக்கு வந்தாங்க. தனியா வந்தாங்க. செண்பகவல்லிதான் கதவத் தொறந்தா. உக்காருங்கன்னா. உக்காந்தாங்க. பையிலேர்ந்து ஒரு கவர எடுத்து எங்கிட்ட குடுத்தாங்க. ஜாமீன் பொறுப்பு எனக்கு இனிமே இல்லன்னு பாங்க்ல குடுத்த கடுதாசி. பிரிச்சுப் படிச்சேன். வேற ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கடன மாத்தியிருக்காங்க. இப்ப வீடு நிக்குது, நாலு வருஷம் ஒரு நாள் தவறாம கட்டின கணக்கு இருக்குது, அதனால ஜாமீன் தேவையில்லன்னு குடுத்திருக்காங்க. வட்டி எவ்வளவு மேடம்னு கேட்டேன். சொன்னாங்க. நான் மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். ஒண்ணரை பர்சன்ட் கூட தம்பி. மாசம் ஆயிரத்துச் சொச்சம் அதிகம். இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. படிச்சவங்க பண்ற காரியமா இது? பாசியப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கு இந்தப் பெருக்கல் தெரியாதா?

எனக்குக் கோவம் வரல, வருத்தம்தான் வந்துச்சு. எதுக்கு மேடம் இப்படிப் பண்ணீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேன்னேன். அந்தம்மா என்னை நேராப் பாத்து, நிதானமா, பாடம் நடத்தற மாதிரி சொன்னாங்க.

“உங்க கையெழுத்து என் மேல ரெண்டு இடத்துல இருந்துச்சு சார். ஒரு இடத்துலேர்ந்து எடுக்க முடிஞ்சுது. எடுத்துட்டேன்.”

எனக்குப் புரியல. ரெண்டு இடமாவது ஒண்ணாவது? ஜாமீன் பத்திரத்துல நான் மொத்தம் ஆறு இடத்துல கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக்குப் பக்கம் போடணும், ஒட்டின போட்டோ மேலயும் ஒண்ணு போடணும். அதச் சொன்னேன். ஆறு இடம் மேடம்னு. அவங்க தலைய ஆட்டிக்கிட்டாங்க. எந்திரிச்சு செண்பகவல்லிகிட்ட போயி, அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, வர்றேங்கன்னாங்க. எங்கிட்ட வணக்கம் சார்னாங்க. போயிட்டாங்க.

அவங்க போனப்பறம் செண்பகவல்லிகிட்ட கேட்டேன், என்னடி அந்தம்மா ரெண்டு இடம்ங்கறாங்கன்னு. அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. முப்பத்திரண்டு வருஷமா என்னோட குடும்பம் நடத்தறவ. உங்களுக்கு நெசமாவே தெரியலியாங்கன்னா. தெரிஞ்சா கேப்பேனான்னேன். சரி விடுங்க, சாப்பிட வாங்கன்னுட்டா. பொம்பளைங்க ரெண்டு பேரு சேந்தா நமக்கு எங்க வெளங்குது.

இந்த மார்ச் மாசம் மறுபடி ஒப்பந்த ஆசிரியர்கள் உக்காந்தாங்க. எங்க செக்ஷன் முதல் மாடி. ஜன்னல் வழியா பாத்தா நேரா கீழ தெரியும். நானும் டீ டம்ளரோட எட்டிப் பாத்தேன். முன் வரிசையில நடுவுல ஜெசிந்தா மேடம். கையில ஒரு அட்டை. என்ன எழுதியிருக்குன்னு கண்ணாடியப் போட்டுப் பாத்தேன். ‘மே மாதமும் பசிக்கிறது.’ பக்கத்துல இருந்த பொண்ணுங்கல்லாம் அவங்க மேல சாஞ்சுக்கிட்டு ஏதோ பேசிட்டிருந்துச்சுங்க. ஒருத்தி அவங்களுக்கு விசிறி விட்டா. நாலு வருஷமா பேசாம இருந்தவங்க எல்லாம் இப்ப ஒண்ணாயிட்டாங்க போல.

நான் சொல்ல வந்தது இதுதான் தம்பி. என் ஜாமீன் இருந்த வரைக்கும் அந்தம்மா இந்த மாதிரி எடத்துல வந்து உக்காந்ததே கெடையாது. தான் உண்டு, தன் வேலை உண்டுன்னு அவ்வளவு அடக்கமா இருந்தாங்க. ஆபீசுல அத யார்கிட்ட சொன்னாலும் ஆமா சார், ஆமா சார்னு தலைய ஆட்டறாங்களே ஒழிய, ஒருத்தரும் என் பக்கம் நின்னு ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாங்க.

நான் பாத்துக்கிட்டிருக்கும்போதே அவங்க தலையத் தூக்கி மேல பாத்தாங்க. என்னப் பாத்துட்டாங்க. பாக்காத மாதிரி திரும்பிக்குவாங்கன்னு நெனச்சேன். திரும்பல. அந்த அட்டைய மடியில வச்சுட்டு, ரெண்டு கையையும் எடுத்து எனக்கு வணக்கம் வச்சாங்க. சிரிச்சாங்க. வாய் கொள்ளாத சிரிப்பு. பன்னெண்டு வருஷமா பாக்கறேன், அந்தம்மாவுக்குப் பல்லு அவ்வளவு வரிசையா இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மட்ட மத்தியானம், தலைக்கு மேல ஒரு துணி கூட கெடையாது, ஏப்ரலோட ஆர்டர் முடியப் போவுது, வட்டியும் ஒண்ணரை பர்சன்ட் கூட. அதுல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு, நீங்களே சொல்லுங்க.